கிளையை மட்டும் எண்ணினேன்

பெர்லின், புதன்கிழமை

அன்புள்ள அப்பாவுக்கு,

பாலிஹவுஸ் ரோஜாவும் உங்கள் முட்டிவலியும் எப்படி இருக்கின்றன? நான் நலம். போனில் சொன்னால் குரல் காட்டிக்கொடுத்துவிடும் என்றுதான் எழுதுகிறேன்.

நரம்பு செல்லுக்குள் முட்டுக்கொடுத்து நிற்கும் ஒரு புரதத்தைக் குறைத்துப் பார்த்தேன். செல் கிளைகிளையாக வெடித்தது. "கெளை நெறைய வுட்டாத்தான் பூ நெறைய" என்பீர்களே, அந்தப் புத்தியில் வெற்றி என்று ஆய்வுக்கூடம் முழுக்கச் சொல்லிவிட்டேன். அத்தனை கிளைகளில் ஒன்றிரண்டுதான் பக்கத்துச் செல்லோடு இணைந்திருக்கின்றன என்று பேராசிரியர் காட்டினார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன்.

நுண்ணோக்கியில் எடுத்த நானூறு படங்களையும் மறுபடி எண்ணுகிறேன், இந்த முறை இணைப்புகளை. முடிக்காமல் தொரப்பள்ளிக்கு வரமாட்டேன்.

இதை பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன், பஸ் வந்துவிட்டது. ராகி மாவு அனுப்புங்கள். அரைக் கிலோ போதும், களி கிண்டினால் இங்கே ஒரு தட்டுதான்.

உங்கள்
சரிதா