அரிசி டிரம்முக்குள் ஏழு பாகங்கள்

கொட்டாஞ்சேனையின் சிறைப்பட்ட இளவரசிக்கு,

உன் போனையும் அம்மா பறித்துவிட்டதால், இந்த அரச கட்டளை லவ் கேக் பெட்டிக்குள் ஒளிந்து வருகிறது.

உன் கட்டிலுக்கடியில் அகப்பட்ட இரத்தம் குடிக்கும் வேம்பயர் பேய்க்கதையின் ஏழு புத்தகங்களும் சாம்பலாகவில்லை. வெள்ளவத்தையில், என் அரிசி டிரம்முக்குள் உயிரோடு இருக்கின்றன.

நேற்று நீ டியூஷனுக்குப் போனபின், அவற்றை எரிக்க அம்மாவின் செபக்குழு முற்றத்தில் கூடியது. ஆறு பெண்கள்தான். ஆனால் அறுநூறு யானைகளின் பிளிறல். அம்மா தீப்பெட்டியைத் திறந்த நேரம் பார்த்து உன் மாமா நான் நடுவில் பாய்ந்தேன்.

"பிறிஜெற், அதெல்லாம் என்ர புத்தகங்கள். பிள்ளையிட்ட ஒளிச்சு வைக்கக் குடுத்தனான்."

"அறுபத்திரண்டு வயசில உங்களுக்கு வெக்கமில்லையா அண்ணா?"

"இல்லை. ஆறாம் பாகம் இன்னும் முடிக்கேல்லை."

அந்தக் கணமே பேய் உன்னை விட்டு என்மேல் ஏறிவிட்டதாகச் செபக்குழு முடிவு செய்தது. புத்தகங்களோடு என்னையும் வெளியே தள்ளினார்கள். என் ஆன்மாவை மீட்க, சனிக்கிழமை தோறும் நீ வந்து என்னோடு செபமாலை சொல்ல வேண்டும் என்பது அம்மாவின் தீர்ப்பு.

ஆகவே வா. செபமாலையை ஒழுங்காகச் சொல்வோம், அதில் ஏமாற்று வேண்டாம். அதற்கு இருபது நிமிடம் போதும். மீதிப் பகல் முழுவதும் டிரம் திறந்திருக்கும்.

மாமா திருந்திவிட்டாரா என்று அம்மா வாராவாரம் கேட்பாள். நீ ஏழாம் பாகத்தின் கடைசிப் பக்கத்தைப் புரட்டும்வரை, இல்லை என்றே சொல்.

இப்படிக்கு,
மீட்கப்பட மறுக்கும் உன் மாமா