ஆண்டவர் என்று ஒரு தவளை

மே 3, ஞாயிறு
காலை ஏழு மணிக்கே வெயில். ஆராதனை முடிந்ததும் பாஸ்டர் ஒரு பென்டிரைவ் கொடுத்தார். விபிஎஸ் என்கிற கோடை விடுமுறை வேதாகமப் பள்ளியின் கடைசி நாளில், அதாவது அடுத்த ஞாயிறு, பிள்ளைகளுக்குப் போடப்போகிற கார்ட்டூன். "சிஸ்டர், கம்பெனில சரக்கு தரம் பாக்கற க்யூசி நீங்க. இதையும் ஒருவாட்டி பாத்து ஓகே பண்ணிடுங்க."

இந்தக் காலத்துக் குழந்தைப் படம் எதையும் நான் நம்புவதில்லை. பெரியவர்களை முட்டாளாக்காமல் அவர்களுக்குப் படம் எடுக்கவே வராது.

இன்று சபை முன் எழுந்து சாட்சி சொன்னேன். என் மகள் ஜெனியின் வீசிங் தீர ஆண்டவருக்கு நேர்ந்துகொண்ட 40 நாள் பொருத்தனை. மூச்சுக்கு வாயில் அடிக்கும் மருந்து பம்ப்பைத் தொடாமல் ஜெபம் மட்டும். 20 நாள் ஆகிறது, ஒரு தடவைகூட மூச்சு இளைக்கவில்லை என்றேன். எல்லோரும் கை தட்டினார்கள், பாஸ்டரும். ஜெனி மட்டும் தலையைக் குனிந்துகொண்டாள். ஒன்பது வயது. கூச்சம்.

மே 5, செவ்வாய்
செகண்ட் ஷிப்ட். காலையில் துணி, தண்ணீர் பிடித்தல், மாவு. பிறகு ஜெனியோடு அந்தப் படம். தமிழ் டப்பிங். ஒரு குளம், நிறையத் தவளை. யாரும் வாய் திறக்காமல் இருந்தால்தான் மழை வரும் என்று ராஜா தவளை சட்டம் போடுகிறது. ஒரு குட்டித் தவளை மட்டும் பாறைக்கு அடியில் ஒளிந்து கத்துகிறது.

கம்பெனி வழக்கப்படி குறித்தவை:
9ஆம் நிமிடம் – ராஜாவை எல்லோரும் "ஆண்டவரே" என்கிறார்கள். நாட்டை ஆண்டவராம். யார் காதில் பூ சுற்றுகிறார்கள்?
31 – குட்டி கேட்கிறது: "ஆண்டவர் சொன்னா மழை வந்துடுமா?"
52 – ஆண்டவர் சேற்றில் தலைகுப்புற.
ரிஜெக்ட்.

ஜெனி சிரிக்கவே இல்லை. 31ஆம் நிமிடத்தை மட்டும் திரும்பப் போடச் சொன்னாள். ஏன்?

மே 6, புதன்
வீட்டுக்காரர் காட்டுப்பள்ளி துறைமுக வேலையிலிருந்து வந்ததும் படத்தைப் பற்றிச் சொன்னேன். "டப்பிங் பண்றவன் வாய்க்கு வந்தத பேசிக்கினு போயிருப்பான். அதுக்கு இன்னாத்துக்கு நீ பேஜாராவுற?" பொருத்தனையிலும் இவருக்கு மனசு ஒட்டவில்லை. வாயைத் திறந்து சொல்லவும் மாட்டார்.

ஜெனி குளிக்கப் போனால் அரை மணி நேரம். குழாய் ஓடிக்கொண்டே இருக்கிறது. உள்ளே என்ன செய்கிறாள்? எல்லாம் அந்தப் படம் பார்த்த வேலை. வேறென்ன.

மே 7, வியாழன்
பீரோ மேல்தட்டில், கல்யாணப் புடவைக்கு அடியில் நான் வைத்த பம்ப். எடுத்துப் பார்த்தேன். எத்தனை டோஸ் மிச்சம் என்று அதில் எண் காட்டும். வைத்த அன்று 94. மறக்கவில்லை, எண் பார்ப்பதுதான் என் பிழைப்பு. இன்று 51.

ஜெனியைக் கூப்பிட்டுக் கத்தினேன்.

"அந்தத் தவள படம்தான உனுக்கு இத்த கத்துக் குடுத்துச்சி?"

"படம் முந்தாநேத்து தானமா பாத்தோம். நான் மொத நாள்லருந்தே எட்துக்கினுதான் இருக்கேன்."

"சொல்றதுக்கு இன்னாடி?"

"சொன்னா புடுங்கிக்குவ. மூச்சு உட முடிலமா. சத்தம் கேக்கக் கூடாதுன்னு தண்ணி தொறந்து உட்டுக்கினு அடிப்பேன்."

அப்படியென்றால் ஞாயிற்றுக்கிழமை நான் சொன்ன சாட்சி?

பாஸ்டருக்கு போன். "மருந்த நிறுத்துங்கன்னு நான் சொன்னேனா சிஸ்டர்? நானே ரெண்டு வேளை சுகர் மாத்திரை போடறவன்." நீங்களும்தானே கை தட்டினீர்கள் என்று கேட்டேன்.

மே 9, சனி
லீவு போட்டு ஜெனியை டாக்டரிடம் காட்டினேன். நன்றாகத் திட்டு வாங்கினேன். திட்டட்டும். பம்ப் இனி அவள் பையிலேயே.

திரும்பும்போது ஷேர் ஆட்டோவில் மெதுவாகக் கேட்டேன். "அந்த ராஜா தவளைய பாத்தா உனுக்கு யாரு ஞாபகம் வந்துச்சி? பாஸ்டரா?"

"பாஸ்டரு இல்லமா."

"பின்ன யாரு?"

"நீ கோச்சிக்குவ."

அதற்குமேல் கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லாமல் போயிற்று. முந்தானையை முகத்தில் போட்டுக்கொண்டு அழுதேன். ஆட்டோவில் எல்லோரும் பார்த்தார்கள். இவ்வளவு வெட்கமாக எனக்கு எப்போதும் இருந்ததில்லை.

மே 10, ஞாயிறு
படத்துக்கு ஓகே கொடுத்துவிட்டேன். ஆண்டவர் சேற்றில் விழுந்ததும் பிள்ளைகள் போட்ட சத்தத்தில் தகரக் கூரை அதிர்ந்தது. பாஸ்டரும் சிரித்தார். கொஞ்சம் கழித்துத்தான் நிறுத்தினார்.

பிறகு சாட்சி நேரம். எழுந்தேன். போன வாரம் சொன்னது உண்மையில்லை, என் பிள்ளை ஒளிந்து ஒளிந்து மருந்து எடுத்திருக்கிறாள், ஒளிய வைத்தது நான் என்றேன். யாரும் கை தட்டவில்லை.

முன்வரிசையில் ஜெனி பம்ப்பை வெளியே எடுத்தாள். வாயில் வைக்கும் முன் என் முகத்தைப் பார்த்தாள், இன்னும் நம்பாமல். நான் தலையை ஆட்டினேன். அப்போதும் என்னைப் பார்த்துக்கொண்டேதான் அடித்தாள்.