பென்னி அப்பாவைப் பற்றிய கட்டுரை

கும்மிடிப்பூண்டி,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள ஜெனிபர் அப்பாவுக்கு, மெர்சி எழுதுவது.

நானும் பாப்பாவும் சுகம். நீங்கள் சுகமா என்று கேட்கத்தான் பயமாக இருக்கிறது. லீவில் வந்திருக்கும் உங்கள் ரூம் ஜெயராஜ் நேற்று வீட்டுக்கு வந்தார். நீங்கள் ஒழுங்காக வேலைக்குப் போகிறீர்களா என்று சும்மாதான் கேட்டேன். “அண்ணன் ரூம்லயேதான் கீறாரு அண்ணி” என்றவர், சட்டென்று பாப்பாவின் படிப்பைப் பற்றி விசாரிக்க ஆரம்பித்துவிட்டார். வீடியோ காலில் முகம் காட்டாமல், சவுதி தமாமில் உங்கள் போனில் கேமரா மட்டும் இவ்வளவு நாளாக ரிப்பேர் என்பதை நம்ப நான் என்ன குழந்தையா? அதனால்தான் இந்தக் கடிதத்தை அவர் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன்.

பள்ளிக்கூடத்திலும் மனசு ஒரு இடத்தில் நிற்கவில்லை. ஒன்பதாம் வகுப்பில் ‘என் அப்பா’ என்று ஆங்கிலக் கட்டுரை எழுதச் சொன்னேன். பக்கத்தில் இருப்பவர் வாங்கித் திருத்த வேண்டும், பிறகு நல்லபடி எழுதிச் சுவரில் ஒட்டலாம் என்பது என் ஏற்பாடு. பென்னியின் அப்பா இரும்புக் கம்பெனியில் கால் நசுங்கிப்போய்ப் படுக்கையில் இருக்கிறார். அம்மாதான் கம்பெனி வேனில் ஏறி வேலைக்குப் போகிறார். பென்னி அதையே தப்பும் தவறுமாக எழுதியிருந்தான். அதை வாங்கித் திருத்திய பக்கத்துப் பையன் கோபால் ஒரு பிழையைக்கூடத் தொடவில்லை. கட்டுரையில் அப்பாவை எழுப்பி ஷிப்டுக்கு அனுப்பிவிட்டு, அம்மாவை வீட்டில் சமைக்க வைத்துவிட்டான். கைடில் வரும் கட்டுரைகளில் எல்லா அப்பா அம்மாவும் அப்படித்தானே இருக்கிறார்கள்.

கூப்பிட்டுக் கேட்டால், “செவுத்துல ஒட்டுவீங்க மிஸ், எல்லாரும் படிப்பாங்க. கூட குந்தினு கீறவன அப்டியே வுட முடியுமா” என்கிறான். அவனைப் போய் உட்காரச் சொன்னேன். பென்னியிடம், நீ முதலில் எழுதியதையே எழுதிக் கொடுடா என்றேன். மாட்டேன் என்றுவிட்டான். கோபால் திருத்தியதை வீட்டில் அப்பாவிடம் படித்து அர்த்தம் சொன்னானாம். “நைனா இதுவே இருக்கட்டும்னுச்சு மிஸ்” என்றான்.

அதைக் கேட்டதிலிருந்து உங்கள் நினைப்பாகவே இருக்கிறது. அந்த மனிதர் எப்படி வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளட்டும். அவர் மனைவி வேலை முடிந்து வந்ததும் அவர் முகத்தைப் பார்க்கிறார், காலுக்கு மருந்து போடுகிறார். எனக்கு நீங்கள் அனுப்பும் ‘நல்லா இருக்கேன்’ மட்டும்தான். உங்கள்மேல் கோபம் கோபமாக வருகிறது.

பாப்பாவுக்குச் சளி பரவாயில்லை. தண்ணி மோட்டாரை மறுபடியும் கழற்றி ரிப்பேருக்குக் கொடுத்திருக்கிறேன்.

கையோ காலோ, என்ன ஆனது என்று எழுதுங்கள். வேலை போயிருந்தால் அதையும் எழுதுங்கள். என் சம்பளத்தில் மூன்று பேரும் சாப்பிடலாம். தினமும் கத்தரிக்காய்க் குழம்பா என்று மட்டும் முகத்தைத் தூக்கக் கூடாது. கர்த்தர் உங்களை எந்த நிலையில் வைத்திருந்தாலும், அந்த நிலையிலேயே எங்களிடம் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உங்கள்
மெர்சி