இருபதாம் தேதி அரசிதழ்

ஏப்ரல் 2

அன்புத் தம்பிக்கு,

நலம். நீயும் முகக்கவசத்தை மூக்குக்குக் கீழே தொங்கவிடாமல் இருப்பாய் என்று நம்புகிறேன். போனில் கேட்டால் மழுப்புவாய், அதனால்தான் கடிதம்.

போன மாதம் இருபத்தொன்றாம் தேதி திறந்திருந்ததற்காக என் முடிதிருத்தக் கடைக்குச் சீல் வைத்தார்கள். உரிமமும் போயிற்று. அன்று முடிவெட்ட வந்தவர்கள் மூன்று நர்ஸுகள். பாதுகாப்புத் தொப்பிக்குள் முடி அடங்கவில்லையாம். "ஒட்ட வெட்டி விடுங்கக்கா" என்றார்கள், வெட்டினேன். கடைகளை மூடும் உத்தரவு இருபதாம் தேதி அரசிதழிலேயே வந்துவிட்டதாம். வழக்குப் போட்டிருக்கிறேன். அரசிதழ் வெளியான நாளிலிருந்துதான் உத்தரவு செல்லும் என்கிறார் என் வக்கீல். ஆனால் யாருக்கோ காய்ச்சல் என்று உங்கள் அரசு அச்சகமே அந்த வாரம் மூன்று நாள் பூட்டிக்கிடந்ததாக நீதானே சொன்னாய்? பிறகு அதை அச்சடித்தது யார், பேயா? மெய்ப்புப் பார்க்கிறவன் நீ. உள்ளதைச் சொல்.

உன் அக்கா

ஏப்ரல் 8

அன்புள்ள அக்காவுக்கு,

உன் இருமல் விட்டதா? வெந்நீர் குடி.

இருபத்துமூன்றாம் தேதிதான் அச்சானது. இருபது என்று போடச் சொன்னார் மேலாளர், போட்டேன். வெளியே சொன்னால் என் வேலை போய்விடும். பக்கத்து மேசைக்காரர் இந்த நோயில் செத்துப்போனார், அக்கா. உத்தரவு நல்லதுக்குத்தான். நீ ஜெயித்தால் ஊரே கடையைத் திறக்கும். என்னை இதில் இழுக்காதே.

தம்பி

ஏப்ரல் 13

தம்பிக்கு,

மேசைக்காரரை நினைத்தால் மனசு கஷ்டமாக இருக்கிறது. மூடச் சொன்னது தப்பென்று நான் எங்கே சொன்னேன்? முறையாகச் சொல்லியிருந்தால் அன்றைக்கே பூட்டியிருப்பேன். நேற்று செய்ததை இன்று குற்றமாக்கலாமென்றால், நாளைக்கு எதைத்தான் ஆக்க மாட்டார்கள்? பதினெட்டு வருஷம் நின்று நின்று கால் வீங்கிய தொழில் இது.

உன் கடிதத்தை வக்கீலிடம் காட்டவில்லை. காட்டினால் நீ மாட்டிக்கொள்வாய். நீயாகச் சொன்னால் சொல். இல்லையென்றால் இனி எனக்கு எழுதாதே.

அக்கா

மே 6

அன்புள்ள அக்காவுக்கு,

நீதிமன்றத்தில் நான் சொன்னதை வக்கீல் உனக்குச் சொல்லியிருப்பார். நீதிபதி நிமிர்ந்து பார்த்து, "நீங்களா போட்டீங்க?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். முன்தேதியிட்ட உத்தரவு செல்லாதாம். உன் உரிமம் திரும்பி வரும்.

அரசு சும்மா இருக்குமா? புதிய உத்தரவு இன்று காலை அச்சானது. என்னைத் தற்காலிகமாக நீக்கிய கடிதம் மதியம்தான் வந்தது, அதனால் இதற்கும் நானே மெய்ப்புப் பார்த்தேன். மூன்று தடவை படித்தேன். தேதி சரி, கையெழுத்து சரி, சட்டப் பிரிவும் சரி. பன்னிரண்டாம் தேதி காலையிலிருந்து கடையைத் திறக்காதே, அக்கா. இந்தத் தடவை என்னாலும் ஒன்றும் செய்ய முடியாது.

தம்பி

மே 12

என் தம்பிக்கு,

உரிமம் வந்தது. சுவரில் மாட்டிவிட்டுக் கடையைப் பூட்டினேன்.

என் பிடிவாதத்தால் உன் வேலைக்கு உலை வைத்துவிட்டேன். உன்னைப் பார்த்துக் கொஞ்சம் அழவேண்டும் போலிருந்தது. காலையில் பையைக் கட்டினேன். பிறகு நீ மெய்ப்புப் பார்த்த உத்தரவை எடுத்துப் படித்தேன். நான்காம் பிரிவில் ஊர் விட்டு ஊர் போகக் கூடாதென்று இருக்கிறது. எங்காவது ஓட்டை இருக்குமா என்று நானும் மூன்று தடவை பார்த்தேன். இல்லை.

பையைப் பிரித்துவிட்டேன்.

அக்கா