வளைகாப்பு முடியட்டும் என்று

செவ்வாய், 3

காலையிலிருந்தே புழுக்கம். செங்கல்பட்டு ஆஸ்பத்திரி, ஏழாம் மாத செக்கப். டோக்கன் 61. பி.பி. 160/100. சிறுநீரில் புரதமாம். காலை அழுத்தினால் குழி விழுகிறது.

டாக்டரம்மா: "நாப்பத்து மூணு வயசுல மொதல் பிரசவம். பி.பி. இப்டி ஏறினா உங்களுக்கும் ஆபத்து, குழந்தைக்கும் ஆபத்து. இன்னிக்கே அட்மிட் ஆயிடுங்க."

வெள்ளிக்கிழமை வளைகாப்பு. "சனிக்கிழமை வரேன் மேடம்" என்றேன். முடியாது என்றார். வீட்டுக்காரரைக் கூட்டி வருகிறேன் என்று வெளியே வந்து படாளம் பஸ் ஏறிவிட்டேன். ஆஸ்பத்திரிச் சீட்டு புடவை அடுக்கில்.

இவர் கேட்டதற்கு, "எல்லாம் நல்லாத்தான் கீதாம்."

புதன், 4

தலைவலி. பி.பி. மாத்திரை 2 வேளை, போட்டாயிற்று. உப்பு குறைத்தேன். ஊறுகாய் மட்டும் கொஞ்சம்.

வாங்க: கண்ணாடி வளையல் 12 டஜன். சந்தனம். வெற்றிலை. புளிசாதத்துக்கு நல்லெண்ணெய். தேங்காய் 5 (சின்னது போதும்).

கல்யாணமாகிப் பதினேழு வருஷம். எத்தனை வளைகாப்பில் வளையல் தட்டு என்னைத் தாண்டிப் போயிருக்கிறது! நாத்தனார் சித்ராவின் மகளுக்குச் செய்தபோது, "நீ சமையலப் பாத்துக்கோ அண்ணி" என்றாள். அப்பளம் பொரித்தேன். இப்போது அவளே வந்து எனக்கு முதல் வளையல் போடட்டும். வீம்புதான். இருக்கட்டுமே, எனக்கு மட்டும் இருக்கக்கூடாதா?

வெள்ளி, 6. மதியம்

நல்ல வெயில். எழுபது பேர். சாப்பாடு போதுமானதாயிருந்தது.

வளையல் மணிக்கட்டில் ஏறவில்லை. சித்ரா சோப்பு போட்டு ஏற்றினாள். "இன்னா அண்ணி, கை இப்டி உப்பிக்கீது?"

கோவளத்துச் சித்தி: "தண்ணி எறங்கிக்கினு கீது, வேற இன்னா? பொண்ணுதான், பாத்துக்கோ."

எல்லாரும் சிரித்தார்கள், நானும். கண்ணில் பூச்சி பறந்தது. யார் முகமும் சரியாகத் தெரியவில்லை. ஆனாலும் சந்தோஷமாக இருந்தேன்.

பிள்ளை காலையில் அசைந்ததா? கூட்டத்தில் கவனிக்கவில்லை. கொஞ்சம் படுக்கிறேன்.

திங்கள், 9

ஆஸ்பத்திரி. இன்றுதான் பேனா பிடிக்க முடிந்தது.

வெள்ளி சாயங்காலம் வயிறு கல்லாக இறுகியது. ரத்தம். இவர் தன் லோடு வண்டியிலேயே கொண்டுவந்தார். நஞ்சுக்கொடி உள்ளேயே பிரிந்துவிட்டதாம். ஆபரேஷன்.

பெண். ஒரு கிலோ நூறு கிராம். மூச்சில்லை.

இவர் பார்த்தார். எனக்கு நினைவு வருவதற்குள் கொண்டுபோய்ப் புதைத்துவிட்டார்கள்.

செவ்வாய், 10

மூட்டம். பி.பி. இன்னும் இறங்கவில்லை. கஞ்சி அரை டம்ளர்.

இவர் வார்டு வாசலில் நர்ஸிடம் சத்தம். "செக்கப்புக்கு வந்தாளே, ஒருத்தராவது சொன்னீங்களா? இன்னா ஆஸ்பத்திரி நடத்தறீங்க?" நர்ஸ் என்னைப் பார்த்தாள். போன செவ்வாய்க்கிழமை இருந்தவள்தான். அவள் வாயைத் திறப்பதற்குள் இவரைக் கூப்பிட்டேன்.

"அவங்கள ஒண்ணும் சொல்லாதீங்க. அன்னிக்கே அட்மிட் ஆவச் சொன்னாங்க. நாந்தான் வளைகாப்பு முடியட்டும்னு ஓடியாந்துட்டேன்."

ஸ்டூலில் உட்கார்ந்தார். திட்டுவார் என்று பார்த்தேன். அடித்தாலும் தேவலை என்றிருந்தது. தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பொண்ணுன்னா ஒரு பேரு யோசிச்சு வச்சிருந்தேன்" என்றார். எழுந்து போய்விட்டார்.

என்ன பேர் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.