ஆற்றுப் பள்ளத்தாக்கில் ஒரு கார்த்திகைத் திங்கள்

நவ. 22, சனி

மேகமூட்டம். மூன்று நாளாகத் துணி காயவில்லை. திங்கட்கிழமை நடைக்கு வனத்துறை அனுமதிச் சீட்டு அச்செடுத்தாயிற்று. ஹனூர் தாண்டி மலைக்காடு, ஆற்றை ஒட்டி ஒன்பது கிலோமீட்டர். ‘மிதமான பாதை’ என்று போட்டிருக்கிறது. நான், என் கணவர் ரவி, ரவியின் அக்கா. அவர் கணவர், அத்தான், இறந்தபின் அக்கா கரூரிலிருந்து இங்கே மைசூருக்கு வந்து ஏழு மாதம். தினம் குக்கரஹள்ளி ஏரியை இரண்டு சுற்று சுற்றுகிறார். நடப்பதில் என்னைவிடக் கெட்டி.

வாங்க: வேர்க்கடலை, வெள்ளரி, முழங்கால் பட்டை. இனிப்பு வேண்டாம், அக்காவுக்குச் சர்க்கரை.

மத்தியானம் தங்கையிடம் போனில் சொல்லிக்கொண்டிருந்தேன்: “பிரதோஷம், சஷ்டி, புரட்டாசி சனி... நாத்தனாருக்குப் பாதி நாள் விரதம்டி. எங்களுக்குத் தனிச் சமையல், அவங்களுக்குத் தனிச் சமையல். நல்லவேளை, கார்த்திகைத் திங்கள் முடிஞ்சுது.” திரும்பினால் கொடியருகே அக்கா, ஈரத் துணியோடு. எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. துணியை உதறிக் காயப்போட்டுவிட்டு உள்ளே போனார். அதுதான் பயம்.

நவ. 23, ஞாயிறு

வெயில், ஒருவழியாக. அக்கா பேசவில்லை. உப்பு எங்கே என்பதைக்கூட ரவியிடம் கேட்கிறார்.

ராத்திரிச் சாப்பாட்டின்போது ரவிக்கு ஆபீஸிலிருந்து போன். நாளைக்கு இன்ஸ்பெக்ஷன், வர முடியாது. “நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க. பேசிக்கிட்டே நடங்க.” அவருக்கு எல்லாம் சுலபம். வேண்டாம் என்று அக்கா சொல்வார் என நான் காத்திருந்தேன். நான் சொல்வேன் என்று அவர். இருவரும் சொல்லவில்லை.

நவ. 24, திங்கள். மாலை

வந்துவிட்டோம். இருவரும் உயிரோடு. வரிசையாக எழுத வேண்டும், இல்லாவிட்டால் எனக்குச் சாதகமாக மாற்றிவிடுவேன்.

ஐந்தரைக்குக் கார். கொள்ளேகால் தாண்டி நான் இட்லி சாப்பிட்டேன். அக்கா தன் பொட்டலத்தைப் பிரிக்கவில்லை. ஆனால் எட்டு மணிக்குச் சர்க்கரை மாத்திரையை மட்டும் தண்ணீரோடு போட்டுக்கொண்டார். பார்த்தேன்.

செக்போஸ்டில் வழிகாட்டி மாரப்பன். ஐம்பது வயதிருக்கும், அந்தப் பக்கத்து ஆள். “சாப்டாச்சுங்களா? கீழ போனா ஒண்ணும் கெடைக்காதுங்க.” அக்கா, “ஆச்சு” என்றார். ஐந்து நிமிஷம் முன்னால்தான் அந்த நான்கு இட்லியும் செக்போஸ்ட் நாய்க்குப் போயிருந்தது. அதையும் பார்த்தேன். என் கையால் செய்ததைத் தொடமாட்டேன் என்று காட்டுகிறார், சரி, காட்டட்டும் என்று நினைத்தேன். அந்த மாத்திரையை மாதாமாதம் வாங்கி வருபவள் நான். வெறும் வயிற்றில் கூடாது என்று எனக்குத் தெரியும்.

வாயைத் திறக்கவில்லை.

இறக்கம் இரண்டு மணி நேரம். மூங்கில், வேங்கை மரம், காலடியில் உருளும் கூழாங்கல். ஆற்றுச் சத்தம் முதலில், ஆறு பிறகு. ஒரு திருப்பத்தில் புது ஆனைச் சாணி, ஆவி பறந்துகொண்டு. மாரப்பன் விரலை உதட்டில் வைத்தார். “மூங்கிலுக்குள்ள நிக்குதுங்க. சத்தம் மட்டும் வேண்டாம் அம்மணி.”

அங்கேதான் அக்கா உட்கார்ந்தார், நனைந்த பாறைமேல். நெற்றி முழுக்க வியர்வை. கை சில்லென்று. சர்க்கரை இறங்கிவிட்டது. கடலை நீட்டினேன், தட்டிவிட்டார். “நீ யாரு என்னைக் கூட்டிட்டு வர? எங்க அவரு? அவரு எங்க?” அத்தானைக் கேட்கிறார். எழுந்து நேராக ஆற்றை நோக்கி நடந்தார். பாசி பிடித்த பாறை, அப்பால் இடுப்பளவு ஓட்டம். பின்னாலிருந்து கட்டிப் பிடித்தேன். திமிறினார். எதிரே மூங்கில் முறியும் சத்தம். கத்தவும் முடியாது.

காதில் சொன்னேன்: “அக்கா, எதையாவது வாயில போடுங்க.”

“இன்னிக்கு சோமவாரம். வெளக்கு வெச்சப்புறம்தான்.”

அப்போதுதான் புரிந்தது. சமையலறையில் நான் மாட்டியிருப்பது கன்னடக் காலண்டர். அதில் கார்த்திகை போன வாரமே முடிந்தது. பக்கத்து வீட்டு நாகரத்னாவும் விரதத்தை முடித்துவிட்டார். அக்காவுக்கு இப்போதுதான் தமிழ்க் கார்த்திகை பிறந்திருக்கிறது. மைசூரிலேயே பிறந்து வளர்ந்த எனக்கு அது தோன்றவே இல்லை. கோபம் இல்லை, விரதம்.

“இனிப்பு ஏதாச்சும் இருக்கா?” மாரப்பனிடம் கெஞ்சினேன். மடியிலிருந்து இரண்டு அச்சு வெல்லம் எடுத்தார், எட்டும் தூரத்தில் ஆற்றோரமாக இருந்த மாதேஸ்வரன் சாமிக் கல்லுக்கு வைக்கக் கொண்டுவந்தது. நீட்டினால் அக்கா பல்லைக் கடித்துக்கொண்டார். நான் அதை வாங்கி அந்தக் கல்லின்மேல் வைத்தேன். கும்பிட்டேன். எடுத்தேன்.

“பிரசாதம், அக்கா.”

மாரப்பன் ஒரு நொடி என்னைப் பார்த்தார். பிறகு கல்லிலிருந்த திருநீற்றை எடுத்து அக்கா நெற்றியில் இட்டு, “அப்பன் குடுக்கறாருங்க, வேண்டாங்கக் கூடாது” என்றார்.

வாய் திறந்தது.

கால் மணி நேரம் பிடித்திருந்தேன். இரண்டாவது அச்சும் கரைந்தபின் அக்கா என் முகத்தைப் பார்த்து, “ஏன் அழுவுறே சுமதி?” என்றார். பழைய ஜீப் தடத்தில் மெல்ல மெல்ல ஏற்றம். கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ். இன்னும் அரை மணி போயிருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்தார், முடிக்கவில்லை.

நவ. 25, செவ்வாய்

தூறல். முழங்கால் வலி. எங்கள் டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்: இந்த மாத்திரையோடு பட்டினி கூடாது.

நாள் முழுக்க போன். எல்லோரிடமும் அக்கா, “சுமதி இல்லேன்னா நான் இல்லே.” நாகரத்னா வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, “அய்யோ ஷிவனே, நீங்க தேவரு கண்ரீ” என்றார். நான் தெய்வமாம். ரவி கண் கலங்கி நன்றி சொன்னார். காபி போடப் போகிறேன் என்று எழுந்துவிட்டேன்.

நவ. 26, புதன்

துவைத்தது: ஷூ இரண்டு ஜோடி. காஸ் புக் செய்தேன். அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை.

நவ. 27, வியாழன்

மொச்சைக்காய் சீசன் ஆரம்பம். இரண்டு கிலோ. பால்கனியில் எதிரெதிரே உட்கார்ந்து உரித்தோம். நிமிராமலே சொன்னேன். மாத்திரை, நாய், ‘ஆச்சு’ என்றது, எல்லாம் தெரிந்தும் சும்மா இருந்தது.

அக்கா உரிப்பதை நிறுத்தவில்லை. “தெரியும். நாய்க்குப் போடறப்போ நீ பாத்துக்கிட்டு நின்னே. நீ ஒரு வார்த்தை கேப்பேன்னு நானும் நின்னேன். கேட்டிருந்தா தின்னிருப்பேன்.”

“கேட்டிருந்தா, ‘உன் வேலையப் பாரு’ன்னு சொல்லியிருப்பீங்க.”

அடுத்த காயை எடுத்தார். “சொல்லிட்டுத் தின்னிருப்பேன்.”

வருகிற திங்கட்கிழமை என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டேன்.

“உன் வேலையப் பாரு” என்றார்.