நஞ்சுக்கொடியைக் காட்டச் சொன்னேன்

நவ. 11, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். பள்ளியில் அரை நாள் லீவு போட்டேன். மதுராந்தகத்திலிருந்து செங்கல்பட்டுக்கு பஸ்ஸில், ஸ்கேனுக்கு. 35-ஆம் வாரம். என் எடை 96. குழந்தை வளர்ச்சி குறைவு.

"நான் இவ்வளவு இருக்கேன், குழந்தை எப்படி டாக்டர் சின்னதா இருக்கும்?"

"எடை அதிகமா இருந்தா நஞ்சுக்கொடி பெருசா இருக்கலாம். ஆனா ரத்தக்குழாய் சரியா விரியாம, குழந்தைக்குப் போய்ச் சேர்றது குறையலாம். சிலருக்குக் குழந்தை ரொம்பப் பெருசாவும் வளரும். உங்களுக்கு இப்படி. எடை மட்டும்தான் காரணம்னு சொல்ல மாட்டேன். அசைவை எண்ணுங்க. குறைஞ்சா உடனே வாங்க."

வீட்டில் அத்தை, என் கணவரின் அம்மா: "இன்னாடி இது, இம்மாம் ஒடம்புல புள்ளைக்கு மட்டும் சத்து போவலியா?"

துணி காயவில்லை.

நவ. 12, புதன்

அசைவு பத்து, ஒரு மணி நேரத்துக்குள். எட்டாம் வகுப்பு விடைத்தாள் பாதி முடித்தேன்.

நவ. 14, வெள்ளி

நாஸ்தா முடித்து இடது பக்கம் படுத்தேன். இரண்டு மணி நேரம். நான்கே அசைவு. அவர் நெம்மேலி குடிநீர் ஆலையில் ஷிப்ட், போன் எடுக்கவில்லை. அத்தை கோயிலுக்குப் போயிருந்தார். ஃபைல், தண்ணீர் பாட்டில், சார்ஜர். ஆட்டோ பிடித்து நேராகச் செங்கல்பட்டு.

ஸ்கேனில், தொப்புள்கொடியில் ரத்த ஓட்டம் மோசம். மதியமே சிசேரியன். பெண். 1.7 கிலோ. அழுதாள். கேட்டேன்.

நஞ்சுக்கொடியைக் காட்டச் சொன்னேன். நர்ஸ் தட்டில் வைத்துக் காட்டினார். பெரியதுதான். அங்கங்கே வெளுத்த திட்டு, கெட்டியாக. "லேபுக்கு அனுப்பறோம்மா." எனக்கு அதன்மேல் கோபம் வரவில்லை.

நவ. 15, சனி

குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவில். நான் இங்கே. தையல் வலி. அவர் போனில் படம் எடுத்து வந்து காட்டினார். காது அவருடையது.

நவ. 17, திங்கள்

பக்கத்துக் கட்டில் பெண்ணின் சித்தி என்னைப் பார்த்து: "குண்டா இருந்தா இப்டித்தான்."

அத்தை இட்லி டப்பாவை மூடினார். "வயித்துல புள்ள ஆடலன்னு கவனிச்சி, ஒண்டியா ஆட்டோ புடிச்சி வந்து புள்ளைய காப்பாத்திக்கினா. அத மொதல்ல பேசு."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கொஞ்சம் அழுகை.

லேப் ரிப்போர்ட் இன்னும் வரவில்லை. பாப்பா பால் எட்டு மில்லி. கக்கவில்லை.